கோடையிலும் வெந்நீர்

கொளுத்தும் வெயிலில் ஓட்டலுக்குள் நுழைந்து தண்ணீர் கேட்கிறீர்கள். ஆவி பறக்க வெந்நீர் வந்தால் என்ன செய்வீர்கள்? ஜில்லென்று குடித்தே பழகிய ஐரோப்பியப் பயணிகள் பலர் சீனாவில் திகைத்துப்போவது இங்கேதான்! அங்கே அன்றாடம் குடிப்பதே வெந்நீர். வயிற்றுக்கு இதம் என்பது சீன மருத்துவத்தின் பழைய நம்பிக்கை. 1950-களில் நோய்க்கிருமிகளுக்கு எதிராக, காய்ச்சிய நீரையே குடியுங்கள் என்று அரசும் பிரசாரம் செய்தது. பழக்கம் இன்னும் விடவில்லை. மின்னலாய்ப் பறக்கும் அதிவேக ரயிலில்கூட வெந்நீர்க் குழாய் உண்டு. ஃபிளாஸ்க்கோடு வரும் தாத்தா தேயிலை போட்டுக்கொள்வார். கல்லூரிப் பெண் கப் நூடுல்ஸில் ஊற்றிக்கொள்வாள். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அதற்குக் காசே கிடையாது. யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம்!