தேடினால் கிடைக்கும் கணினி: எந்த மென்பொருள் உதவும்?

விண்டோஸ் கணினியில் ஒரு ஃபைலைத் தேடச் சொன்னால், சில சமயம் நிமிடக்கணக்கில் தேடிக்கொண்டே இருக்கும். முன்கூட்டியே பட்டியல் எடுத்து வைக்காத டிரைவ் என்றால், ஃபோல்டர் ஃபோல்டராகப் புகுந்து பார்ப்பதுதான் அதற்கு வழி. இதற்காகச் சிறிய அலுவலகங்கள் விலையுயர்ந்த ஆவண மேலாண்மை மென்பொருள் வாங்கத் தேவையில்லை. 'எவ்ரிதிங்' என்ற இலவச மென்பொருளே போதும்.

விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில், டிரைவில் உள்ள எல்லா ஃபைல்களின் பெயரும் ஒரே பதிவேட்டில் இருக்கும். எவ்ரிதிங் அந்தப் பதிவேட்டையே நேரடியாகப் படித்துவிடுகிறது. 10 லட்சம் ஃபைல் இருந்தாலும் முதல் முறைக்கு ஒரு நிமிடம் போல ஆகும். அதன்பின் தட்டச்சு செய்யச் செய்யவே விடை வந்து நிற்கும். பலர் பயன்படுத்தும் கணினியில் மட்டும் கவனம் வேண்டும்: மற்றவர்களின் ஃபைல் பெயர்களும் அதில் தெரியக்கூடும்.

ஆனால் அது முக்கியமாகத் தேடுவது பெயரைத்தான். 'ஸ்கேன்0001' என்று கிடக்கும் பத்திரத்தை எந்த மென்பொருளாலும் பெயர் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. வாட்ஸ்அப்பிலிருந்து கணினியில் இறக்கும் படத்தின் பெயரில் தேதியும் நேரமும் இருக்கும். யார் அனுப்பியது, எதற்கு என்பது இருக்காது. சேமிக்கும்போதே '2024-03-15 வீட்டுவரி ரசீது' என்று ஆண்டை முன்னால் வைத்துப் பெயரிட்டால், ஃபைல்கள் தாமாகவே கால வரிசையில் நிற்கும்.

ஃபைலுக்குள் இருக்கும் சொற்களைத் தேடும்போது தமிழுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஆவணத்தில் 'அம்மா' என்று தேடினால் கிடைக்காது. திரையில் தெரிவது தமிழ். உள்ளே பதிவாகியிருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறையை ஏற்றுவிட்டது. ஆனாலும் டிடிபி மையங்களிலும் அச்சகங்களிலும் பல ஆண்டு உழைப்பு பழைய எழுத்துருக்களில் முடங்கிக் கிடப்பது வேதனை. இலவச மாற்றிகள் இருக்கின்றன. அடிக்கடி தேவைப்படும் ஆவணங்களையாவது யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

மின்னஞ்சலுக்கு என் பரிந்துரை தண்டர்பேர்ட். 2004-இல் முதல் பதிப்பு வந்த இந்த இலவச மென்பொருளில், வீடு, அலுவலகம், சங்கம் என்று எத்தனை கணக்கு இருந்தாலும் ஒரே இடத்தில் பார்க்கலாம். ஜிமெயிலின் இலவச 15 ஜிபி இடத்தை கூகுள் டிரைவும் கூகுள் போட்டோஸும் சேர்ந்தே பங்குபோடுகின்றன. அது நிரம்பிவிட்டால் புதிய கடிதம் வராது. அந்த நிலையில் பழைய கடிதங்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளத் தண்டர்பேர்ட் கைகொடுக்கும்.

பலர் இங்கேதான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இப்போது வழக்கத்தில் உள்ள ஐமேப் முறையில், தண்டர்பேர்ட் காட்டுவது சர்வரில் இருப்பதன் பிரதி. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அங்கே அழித்தால் இங்கேயும் போய்விடும். அதை பேக்கப் என்று நம்பக் கூடாது. வைத்துக்கொள்ள வேண்டிய கடிதங்களை 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதிக்கு நகலெடுக்க வேண்டும். அங்கே அவை எம்பாக்ஸ் என்ற வடிவில் சேமிக்கப்படும். நாளை தண்டர்பேர்டே இல்லாமல் போனாலும் வேறு மென்பொருள்களால் அதைப் படிக்க முடியும். நகலெடுத்தது சரியாகத் திறக்கிறதா என்று பார்த்து, அந்த ஃபோல்டரை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும் போட்டு வைத்த பிறகே ஜிமெயிலில் இருப்பதை அழியுங்கள்.