காயத்துக்கு ஓர் எண்

1960-களில் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் கார் விபத்தில் அடிபட்டவரைச் சேர்த்தால், கேஸ் ஷீட்டில் மருத்துவர் ஒரு பத்தி எழுதுவார். மார்பில் அடி, மூச்சுத் திணறல், வயிறு இறுக்கம், இடது தொடை எலும்பு முறிவு, நிலைமை மோசம். அந்த ‘மோசம்’ எழுதியவரின் அனுபவத்துக்கு ஏற்றபடி நீளும், சுருங்கும். பக்கத்து ஊர் மருத்துவர் அதே ஆளைத் ‘தேறிவிடுவார்’ என்று எழுதியிருக்கவும் கூடும். இன்று அதே காயங்கள் ஒவ்வொன்றுக்கும் ஆறு இலக்கக் குறியீடு உண்டு. முதல் இலக்கம் உடலின் பகுதியைச் சொல்லும். அடுத்தவை அடிபட்ட உறுப்பையும் காயத்தின் தன்மையையும் சொல்லும். பிறகு ஒரு புள்ளி. புள்ளிக்குப் பின் 1 முதல் 6 வரை ஓர் எண், காயத்தின் கடுமையைச் சொல்லும். மான்செஸ்டரில் குறித்தாலும் மெல்போர்னில் குறித்தாலும் அந்த எண்ணுக்குப் பொருள் ஒன்றே.

இந்த எண்ணைத் தேடிப் போனவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் ஹ்யூ டி ஹேவன். 1917-ல் பயிற்சி விமானியாக இருந்தபோது வானில் நேர்ந்த மோதலில் வயிற்றுக்குள் பலத்த காயங்களோடு பிழைத்தார். தன் வயிற்றைக் கிழித்தது இருக்கைப் பட்டையின் கூரான கொக்கி என்று அவர் கருதினார். 1942-ல், 50 முதல் 150 அடி உயரத்திலிருந்து விழுந்தும் உயிரோடு இருந்தவர்களைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அதுவரை விபத்தில் பிழைப்பதை விதி என்று சொல்லிவந்தார்கள். அவர் அதை அளக்க முயன்றார். ஆனால் அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஆய்வுக் குழுவும் தனக்கென ஓர் அளவுகோல் வைத்திருந்தது. ஒருவர் கணக்கை இன்னொருவர் கணக்கோடு சேர்க்க முடியவில்லை.

1969-ல் அமெரிக்க மருத்துவச் சங்கமும், வாகனப் பொறியாளர் சங்கமும், வாகன மருத்துவச் சங்கமும் ஒன்றாக அமர்ந்தன. அதன் விளைவு 1971-ல் ஏ.ஐ.எஸ். என்ற சுருக்கக் காய அளவுகோலாக அச்சில் வந்தது. அந்த முதல் பட்டியலில் இருந்தவை 70-க்குச் சற்று அதிகமான காயங்கள். 2005-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஏறத்தாழ 2,000. தொடக்கத்தில் அது மோதலால் வரும் அடிகளுக்கு மட்டுமே ஆனது. துப்பாக்கிக் குண்டும் கத்திக் குத்தும் 1985 பதிப்பில்தான் முறையாக உள்ளே வந்தன. அந்தப் பட்டியல் அச்சான அதே 1971-ல்தான் லண்டனில் ஒரு மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. அதற்கு முன் உடலுக்குள் என்ன கிழிந்தது என்பதைத் திட்டமாகச் சொன்னவை இரண்டே: அறுவை மேசை, பிணக்கூடம். இன்று முழு உடல் ஸ்கேன் சில நிமிடங்களில் முடிகிறது. பட்டியல் நீண்டதற்குக் கண் கூர்மையானதும் ஒரு காரணம்.

ஆனால் தலையில் ஒரு காயம், மார்பில் ஒன்று, காலில் ஒன்று என்று வருபவரை எப்படி ஒரே எண்ணால் குறிப்பது? 1974-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சூசன் பேக்கரும் அவருடன் பணியாற்றியவர்களும் பால்டிமோரில் வாகன விபத்தில் அடிபட்ட 2,128 பேரின் பதிவுகளை வைத்து விடை சொன்னார்கள். காய எண்ணும் இறப்பும் சம படியில் ஏறவில்லை என்பதை அவர்கள் கண்டார்கள். எண்ணை வர்க்கப்படுத்தினால் பொருத்தம் கூடியது. உடலை ஆறு பகுதிகளாகப் பிரித்து, மிக மோசமாக அடிபட்ட மூன்று பகுதிகளின் எண்களை வர்க்கப்படுத்திக் கூட்ட வேண்டும். 4, 3, 2 என்றால் 16, 9, 4; மொத்தம் 29. உச்சம் 75. ஐ.எஸ்.எஸ். என்னும் இந்தக் கூட்டல் 15-ஐத் தாண்டினால் ‘பெருங்காயம்’ என்பது பின்னாளில் வழக்கமாயிற்று.

இதனால் கிடைத்த பயன் பெரிது. 1979-ல் கலிபோர்னியாவின் இரு வட்டாரங்களை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் அடிபட்டவர்களை ஒரே விபத்துச் சிகிச்சை மையத்துக்குக் கொண்டுசென்றார்கள்; ஆரஞ்ச் வட்டாரத்தில் அருகில் இருந்த மருத்துவமனைக்கு. ஆரஞ்ச் வட்டாரத்தில் தலைக்காயத்தால் அல்லாத இறப்புகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தடுத்திருக்கக்கூடியவை என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். அன்று அந்தத் தீர்ப்பைச் சொல்ல அனுபவசாலிகள் கோப்புகளைப் பிரித்து வாசிக்க வேண்டியிருந்தது. 1980-களில் வந்த டிரிஸ் என்னும் கணக்குமுறை, ஐ.எஸ்.எஸ்., நினைவு நிலை, ரத்த அழுத்தம், மூச்சு வேகம், வயது ஆகியவற்றைச் சேர்த்து, பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று சொல்லிவிடுகிறது. பிழைக்க வேண்டியவர் இறந்தாரா என்று இன்று எந்த மருத்துவமனையும் தன்னையே கேட்டுக்கொள்ளலாம். கார் தயாரிப்பிலும் இந்த எண் நுழைந்துவிட்டது. மோதல் சோதனையில் பொம்மையின் மார்பில் விழும் அழுத்தத்தை, 3 அல்லது அதற்கு மேற்பட்ட காயம் நேரும் வாய்ப்பாகவே பொறியாளர்கள் படிக்கிறார்கள்.

இன்னொரு பயனை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். கண்ணால் மட்டும் எடைபோட்ட காலத்தில் பெருங்காயம் என்றால் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்ட இளைஞரே நினைவுக்கு வருவார். இங்கிலாந்தில் 1980-களின் இறுதியில் தொடங்கிய டார்ன் பதிவேடு, 2017-ல் முதியோரைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்களின் பெருங்காயங்களுக்குப் பெரும்பாலும் காரணம், இரண்டு மீட்டருக்கும் குறைந்த உயரத்திலிருந்து விழுவது. குளியலறையில் வழுக்கி விழுந்து, ‘ஒன்றுமில்லை, கொஞ்சம் வலிக்கிறது’ என்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் முறிந்த விலா எலும்புகளையும் மண்டைக்குள் கசியும் ரத்தத்தையும் எண் கணக்கில் கொண்டுவந்தது. சத்தம் போடாத காயத்துக்கும் ஓர் எண் கிடைத்தது.

இழந்தவையும் உண்டு. இரண்டு தொடை எலும்புகளும் முறிந்தவருக்கு 1974 கணக்கில் ஒரு தொடைக்கே மதிப்பு. இரண்டும் ஒரே பகுதி என்பதால் 9-தான். 1997-ல் வந்த திருத்தம் அதை 18 ஆக்கியது. தலையில் 5 என்ற ஒற்றைக் காயம் உள்ளவரும், 4-ம் 3-ம் இரு இடங்களில் உள்ளவரும் இன்றும் 25-இல் வந்து நிற்கிறார்கள். இருவரின் முன்னுள்ள பாதை ஒன்றல்ல. டிரிஸ் கணக்கில் 55 வயது ஒரு கோடு. அதைத் தாண்டிய 56-ம் 90-ம் அதற்கு ஒன்றே. ஏ.ஐ.எஸ். பட்டியலின் புதிய பதிப்பு வந்தால் பழைய காயத்தின் எண்ணும் மாறுகிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலப் பதிவேடு, புதிய பதிப்புக்கு மாறியபோது பெருங்காயத்தின் எல்லையை 15-இலிருந்து 12-க்கு இறக்க வேண்டியதாயிற்று.

இவற்றைவிட ஆழமான இழப்பு ஒன்று உண்டு. ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்தியச் சுவடி, இன்று எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்று அறியப்படுவது, 48 நோயாளிகளின் நிலையை ஒவ்வொன்றாக விவரிக்கிறது. அதில் தீர்ப்புகள் மூன்று: இதற்கு நான் மருத்துவம் செய்வேன், இதனோடு நான் போராடுவேன், இதற்குச் செய்வதற்கில்லை. அந்த மூன்றிலும் காயத்தோடு மருத்துவரும் இருக்கிறார். 1 முதல் 6 வரையான எண்ணில் இருப்பது கிழிந்த திசு மட்டும்.

நம் நாட்டுச் சட்டம் இன்னொரு வழியில் காயத்தை எடைபோட்டது. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 320-ஆம் பிரிவு கொடுங்காயங்களை எட்டாக வகுத்தது. பல் உடைந்தாலே அங்கே கொடுங்காயம், ஏ.ஐ.எஸ். அளவில் அது வெறும் 1. உயிர் போகுமா என்பதோடு, அடிபட்டவர் இருபது நாள் கடும் வலியில் கிடந்தாரா, தன் அன்றாட வேலையைச் செய்ய முடியாமல் போனாரா என்றும் சட்டம் கேட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவில் அது பதினைந்து நாளாகக் குறைந்தது. அந்தக் கேள்வி ஏ.ஐ.எஸ். எண்ணுக்குள் இல்லை. உயிர் தப்பிய தச்சர் மீண்டும் உளி பிடித்தாரா என்பதை அறிய ஆறு மாதம் கழித்து, ஓராண்டு கழித்து அவரைத் தேடிப் போக வேண்டும். சில பதிவேடுகள் அதையும் செய்யத் தொடங்கியுள்ளன. அதுவே அடுத்த தலைமுறையின் வேலை.

அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று கையருகே இருக்கிறது. குறியீடு இடுபவர் நோயாளியைப் பார்ப்பதில்லை; மருத்துவர் எழுதியதைத்தான் பார்க்கிறார். ‘மண்ணீரல் கிழிந்துள்ளது’ என்று மட்டும் இருந்தால் அவர் 2 போடுவார். அதன் வர்க்கம் 4. கிழிசலின் ஆழத்தையும் ரத்தக் குழாய் அறுந்ததையும் எழுதி, அது மண்ணீரலைச் சிதைத்த காயம் என்று தெரிந்தால் 5; அதன் வர்க்கம் 25. உடல் அதே, காயம் அதே. நள்ளிரவில் களைத்துப்போன ஒருவர் கூடுதலாக எழுதும் ஒரு வரியில் அந்த நோயாளி பெருங்காயப் பட்டியலுக்குள் வருகிறார் அல்லது வெளியே நிற்கிறார். அன்று குறைவாக எழுதிய கேஸ் ஷீட் அந்த ஒரு மனிதரின் கோப்போடு முடிந்தது. இன்று அந்தக் குறை மாநிலக் கணக்கில் சேர்ந்து, எந்த ஊருக்கு எத்தனை படுக்கை, எத்தனை அறுவை மருத்துவர் என்ற முடிவு வரை செல்கிறது. ஆகவே, கண்டதை முழுமையாக எழுதும் பழக்கத்தை, தையல் போடக் கற்றுக்கொடுக்கும் அதே அக்கறையோடு இளம் மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.