மாதத்தில் ஒரு நாள் வைத்தியர், மற்ற நாட்களில் யார்?

ஒரு வருடத்தில் 8,760 மணித்தியாலங்கள் இருக்கின்றன. நீரிழிவுக்கோ பிரஷருக்கோ மாதாந்தம் கிளினிக் போகும் ஒருவர், ஒவ்வொரு தடவையும் வைத்தியரோடு பத்து நிமிடம் பேசினாலும் வருடத்துக்கு இரண்டு மணித்தியாலம்தான். சனம் நிறைந்த கிளினிக்குகளில் அந்தப் பத்து நிமிடமும் கிடைப்பதில்லை. மீதி 8,758 மணித்தியாலமும் நோய் நோயாளியின் கையில்தான் இருக்கிறது. என்ன சாப்பிடுவது, குளிசையை எப்போது போடுவது, தலை சுற்றினால் என்ன செய்வது எல்லாவற்றையும் அவரேதான் தீர்மானிக்கிறார்.

பல வருடங்களாக கிளினிக்குகளில் நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். நமது நாட்டின் இலவச சுகாதார சேவை மருந்தைத் தருகிறது. அந்த மருந்தோடு வாழ்நாள் முழுக்க எப்படி வாழ்வது என்பதைச் சொல்லிக்கொடுக்க அங்கே நேரம் போதாது. அந்தப் பாடத்தை நோயாளியும் குடும்பமும் ஊரும்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. தனக்குத் தானே வைத்தியம் பார்ப்பதை நான் சொல்லவில்லை. வைத்தியர் தீர்மானித்த சிகிச்சையை விளங்கி நடப்பதையும், எப்போது அவரிடம் ஓட வேண்டும் என்பதை அறிந்து வைத்திருப்பதையும்தான் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கிளினிக் கொப்பி. பலர் அதை பத்திரமாகக் கொண்டுவந்து, பத்திரமாகவே கொண்டுபோகிறார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெறும் வயிற்றில் பார்க்கும் சீனி அன்றைய நிலையை மட்டும் காட்டும். கிளினிக்குக்கு முந்திய மூன்று நாட்கள் சோற்றைக் குறைத்தால் அந்த அளவு நன்றாக வந்துவிடும். எச்பிஏ1சி என்ற பரிசோதனை அப்படி ஏமாறாது. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியை அது சொல்லிவிடும். பெரும்பாலானவர்களுக்கு அது 7 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது. வயதையும் வேறு நோய்களையும் பொறுத்து இந்த இலக்கு மாறலாம். ஆகவே, "எனக்கு எவ்வளவு இருக்க வேண்டும்?" என்று உங்கள் வைத்தியரிடமே கேளுங்கள்.

அடுத்தது மருந்து. "பிரஷர் இப்போது நோர்மல், அதனால் குளிசையை நிறுத்திவிட்டேன்" என்று சொல்பவர்கள் ஏராளம். குளிசை போட்டதால்தான் அது நோர்மலாக இருக்கிறது. உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த வலியும் காட்டாது; பாரிசவாதமோ மாரடைப்போ வரும்போதுதான் பலருக்கு அது தெரியவருகிறது. இன்னும் சிலர், இரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு வரும் நாளில் பிரஷர் குளிசையையும் விட்டுவிடுகிறார்கள். அன்று பிரஷர் கூடியிருக்கும். அதைப் பார்த்து மருந்தின் அளவும் கூட்டப்படும். பொதுவாக பிரஷர் குளிசையை தண்ணீரோடு எடுத்துக்கொள்ளலாம். சீனிக் குளிசையையும் இன்சுலினையும்தான் சாப்பிடும் வரை தள்ளிவைக்க வேண்டும். உங்கள் விடயத்தில் எப்படி என்பதை ஒருமுறை கேட்டு கொப்பியில் எழுதி வாங்குங்கள்.

அரச வைத்தியசாலையில் ஒரு மருந்து, பிரைவேட் டொக்டரிடம் இன்னொரு மருந்து என்று எடுப்பவர்களுக்கு வேறொரு ஆபத்து உண்டு. ஒரே மருந்து இரண்டு இடத்திலும் இரண்டு பெயரில் கிடைக்கும். மெட்போர்மினை அதன் சொந்தப் பெயரில் ஒரு தடவையும் கம்பனிப் பெயரில் மறுதடவையும் விழுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கே போனாலும் வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். முழங்கால் வலிக்கு பாமசியில் தானாக வாங்கும் வலிக் குளிசைகளையும் சேர்த்துத்தான். அவற்றில் பல பிரஷரைக் கூட்டும், சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

மூன்றாவது, சீனி திடீரென இறங்குவது. இன்சுலின் போடுபவர்களும் சிலவகைக் குளிசை எடுப்பவர்களும் இதை அறிந்தே இருக்க வேண்டும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கடும் பசி, பேச்சில் தடுமாற்றம் வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியை தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் சரிவராவிட்டால் இன்னொரு தடவை. சரியானதும் ஏதாவது சாப்பிட வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 1990 'சுவசெரிய' அம்புலன்ஸை அழைக்க வேண்டும். இது நோயாளியை விட வீட்டிலுள்ள பிள்ளைகளுக்குத் தெரிந்திருப்பதே முக்கியம்.

நமது சமூகத்துக்கே உரிய கேள்வி நோன்பு. நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகை ஸூரதுல் பகராவின் 184, 185ஆம் வசனங்களில் இருக்கிறது. ஆனாலும் நோன்பை விட மனம் வராமல், வைத்தியரிடம் சொல்லாமலே நோற்பவர்கள் அதிகம். ரமழானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்னர், அதாவது ரஜப் ஆரம்பத்திலோ நடுப்பகுதியிலோ, வைத்தியரைச் சந்தியுங்கள். சிலர் மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொண்டு நோற்கலாம். சிறுநீரகம் பழுதானவர்கள், அண்மையில் சீனி கடுமையாக இறங்கியவர்கள் போன்றோருக்கு நோன்பு உயிராபத்தாகலாம். விரலில் குத்தி சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே உலமாக்களின் பரவலான கருத்து. பார்த்தபோது 70க்குக் கீழே இறங்கியிருந்தாலோ 300க்கு மேலே ஏறியிருந்தாலோ அந்த நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது வைத்திய ஆலோசனை. மஃரிபுக்கு இன்னும் அரை மணித்தியாலம்தானே என்று பொறுத்திருப்பது ஆபத்தானது. உடம்பும் ஓர் அமானிதம்தான்.

இவை எல்லாம் தெரிந்த பிறகும் நடைமுறைக்கு வருவது கடினம். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் என்பவரும் அவரது சகாக்களும் இதற்காகவே ஒரு பயிற்சியை உருவாக்கினார்கள். கிழமைக்கு ஒரு நாள், இரண்டரை மணித்தியாலம், ஆறு கிழமைகள். நடத்துபவர்கள் பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள். அவர்களில் பலர் தாங்களே நீண்டகால நோயோடு வாழ்பவர்கள். பிரித்தானிய அரச சுகாதார சேவை 2002இல் இதைத் தன் நாட்டில் ஆரம்பித்தது. அந்தப் பயிற்சியின் உயிர்நாடி ஒரு சின்ன விடயம். ஒவ்வொருவரும் அடுத்த கிழமைக்கு ஒரு வேலையைத் தெரிவு செய்வார்கள். "உடம்பைக் குறைக்கப் போகிறேன்" என்று பொதுவாகச் சொல்ல விடமாட்டார்கள். "திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் அஸருக்குப் பிறகு 20 நிமிடம் நடப்பேன்" என்பதுபோல் திட்டமாகச் சொல்ல வேண்டும். பிறகு, "இதைச் செய்வேன் என்று பத்துக்கு எத்தனை நம்பிக்கை?" என்று கேட்பார்கள். ஏழுக்குக் குறைந்தால் வேலையைச் சிறிதாக்குவார்கள். அடுத்த கிழமை என்ன நடந்தது என்று எல்லோரும் சேர்ந்து பேசுவார்கள்.

இதற்கு நமது ஊர்களில் என்ன குறை? பள்ளிவாசல் இருக்கிறது. ஜமாஅத் இருக்கிறது. ஓய்வுபெற்ற தாதியரும் மருந்தாளர்களும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். பள்ளி நிர்வாகம் ஒரு கடிதம் எழுதி, அப்பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் உதவியோடு பத்துப் பேரைக் கொண்டு ஆரம்பிக்கலாம். சீனி பார்க்கும் ஒரு கருவியும் பிரஷர் பார்க்கும் ஒரு கருவியும் போதும்.

பெண்களை மறந்துவிட வேண்டாம். பல வீடுகளில் உம்மா வீட்டிலிருக்க மகன்தான் கொப்பியைக் கொண்டுபோய் மருந்தை எடுத்து வருகிறார். அவரது பிரஷர் எவ்வளவு என்று மாதக்கணக்கில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆண்களுக்கு கடற்கரையும் மைதானமும் இருக்க, பெண்களுக்கு நிம்மதியாக நடக்கக்கூட இடமில்லை. மத்ரஸா மண்டபத்தையோ பாடசாலை மைதானத்தையோ கிழமைக்கு மூன்று மாலைகள் அவர்களுக்கென ஒதுக்குவது நிர்வாகங்களுக்குப் பெரிய காரியமல்ல.

கல்யாண வீட்டுச் சஹனையும் ஒரேயடியாக விடச் சொல்லி யாரும் கேட்கப் போவதில்லை. சோற்றைக் குறைத்து, கறியையும் சலாதையும் கூட்டி, மென்பானத்துக்குப் பதிலாக தண்ணீர் வைத்தால் விருந்து ஒன்றும் குறைந்துவிடாது. சஹனில் பக்கத்தில் இருப்பவர் "ஒரு நாளைக்குத்தானே" என்று அள்ளிப் போடாமல் இருந்தாலே பாதி உதவி.

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்று சொல்பவர்களிடம் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழியை நினைவூட்டுவேன். மருந்தும் நடையும் பரிசோதனையும் நாம் போட வேண்டிய கட்டு. ஷிபா அல்லாஹ்விடமிருந்து வரும். அடுத்த கிளினிக் திகதி வருவதற்குள் கொப்பியைத் திறந்து, விளங்காத மூன்று விடயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வைத்தியரோடு கிடைக்கும் சில நிமிடங்களில் அந்த மூன்றையும் கேளுங்கள்.