ஒளிப்புழுக் குகையில் ஓடம்

நியூசிலாந்து நாட்டின் வட தீவில் வைட்டோமோ என்னும் சிற்றூர் உள்ளது. மாவோரி மொழியில் 'வை' என்றால் நீர். 'டோமோ' என்றால் குழி. பெயருக்கேற்ப, அங்கே ஓர் ஆறு சுண்ணாம்புப் பாறைக் குன்றினுள் புகுந்து நிலத்தடியே ஓடுகின்றது.

குகை இருப்பதை மாவோரி மக்கள் முன்பே அறிவர். எனினும், 1887-ஆம் ஆண்டில்தான் அவர்களுடைய தலைவர் டானே டினோராவும், பிரெட் மேஸ் என்ற ஆங்கிலேய நில அளவையாளரும் நார்ச்செடித் தண்டுகளால் தெப்பம் கட்டி, மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்சென்று ஆராய்ந்தனர். 1889 முதல் அத்தலைவர் பயணிகளை அழைத்துச் சென்று காட்டலானார். 1906-இல் குகை அரசின் வசமாயிற்று. 1989-இல் அவர் வழித்தோன்றல்களிடம் மீண்டது. இன்று வழிகாட்டுவோருள் பலர் அம்மரபினரே.

இனி நாமும் ஓடத்தில் ஏறுவோம். துடுப்பில்லை, இயந்திரமில்லை. தலைக்கு மேலே கட்டிய கயிற்றைக் கைமாற்றிப் பற்றி இழுத்தே வழிகாட்டி ஓடத்தைச் செலுத்துகின்றார். பேசலாகாது, படம் பிடிக்கலாகாது. கண் இருளுக்குப் பழகியதும், கூரையெங்கும் நீலப்பச்சை ஒளிப்புள்ளிகள் ஆயிரமாயிரமாய்த் தோன்றுகின்றன. விண்மீன்களோ என மயங்குகின்றோம்.

அவை புழுக்கள். நம் மின்மினி வண்டினத்தைச் சேர்ந்தது. இதுவோ கொசுவை ஒத்த ஒரு பூச்சியின் இளம்பருவம். பட்டிழைகளைக் கூரையினின்று தொங்கவிட்டு, அவற்றில் பசைத்துளிகளைக் கோத்து வைக்கின்றது. ஆற்றோடு வரும் சிறு பூச்சிகள் ஒளியை நாடி மேலெழுந்து இழையில் ஒட்டிக்கொள்கின்றன. புழு இழையை மேலிழுத்து இரையை உண்கின்றது. நாம் வியக்கும் ஒளி அதற்கு உணவு தேடும் கருவியே.

காண வருவோரின் மூச்சே இக்காட்சிக்குப் பகையாகலாம். மூச்சுடன் வெளிவரும் கரியமில வாயு ஈரத்தில் கரைந்து சுண்ணாம்புப் பாறையை அரிக்கின்றது. அவ்வாயுவை வெளியேற்றக் காற்றை மிகுதியாக உள்ளே விட்டாலோ, குகை உலர்கின்றது, புழுக்கள் வாடுகின்றன. முன்னர் மேல்வாயிலின் அடைப்புக் கதவை நீக்கிக் கம்பிக் கதவு வைத்தபோது இவ்வாறே நேர்ந்தது. ஒளி மங்கியதால் 1979-இல் குகையைச் சில மாதங்கள் மூட வேண்டியதாயிற்று.

அதன்பின், வெப்பம், ஈரம், வாயு ஆகியவற்றைக் கருவிகளால் இடைவிடாது அளந்து வருகின்றனர். வாயு வரம்பை எட்டினால் பயணிகளை உள்ளே விடுவதில்லை. வாயிற்கதவைத் திறப்பதா, அடைப்பதா என்பதையும் அங்கே அக்கருவிகளைப் பார்த்தே முடிவு செய்கின்றனர்.