வட்டுக்கோட்டையில் மூடிய கதவும் சீனத் திருச்சபையின் பெயரும்

ஞாயிறு காலை கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கடைக்கு மேலே மாடியில் ஜெபக் கூட்டம் நடக்கும். படிக்கட்டு முழுக்கச் செருப்பு, உள்ளே கைத்தட்டலும் பாட்டும். கீழே தேத்தண்ணி குடிப்பவர் ஒருவராவது கேட்பார்: "இவைக்கு எங்கேயிருந்து காசு வருது?"

இந்தக் கேள்வி நம்மூரில் 170 வருடப் பழசு. சீனாவில் அரசு ஏற்ற புரொட்டஸ்தாந்து அமைப்பு 1954இல் உருவானபோது அதற்குப் பெயரே இதே கேள்வியிலிருந்துதான் வந்தது: மூன்று சுய தேசபக்தி இயக்கம். சபை தன்னைத் தானே ஆள வேண்டும், தன் செலவைத் தானே பார்க்க வேண்டும், தானே நற்செய்தி பரப்ப வேண்டும். கம்யூனிஸ்டுகள் கண்டுபிடித்த கொள்கை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், அதற்கு நூறு வருடம் முந்தி லண்டனில் ஹென்றி வென், பொஸ்டனில் ரூபஸ் அன்டர்சன் என்ற இரண்டு மிஷன் செயலாளர்கள் வகுத்தது அது.

அதன் சூடு நம்மையும் சுட்டது. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் ஆங்கிலமும் கணிதமும் வானசாஸ்திரமும் படிப்பித்தார்கள். படித்த பிள்ளைகள் அரசாங்க உத்தியோகத்தைத் தேடிப் போனார்கள். ஊர்ச் சபையை நடத்தத் தமிழ்ப் போதகர் வேண்டும், ஆங்கிலம் படித்த கிளார்க் வேண்டாம் என்பது அந்த மிஷனின் செயலாளரான அன்டர்சனின் கட்சி. அவருடைய குழு வந்து பார்த்துப் போனதோடு, 1855இல் செமினரி மூடப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள்தான். கொள்கை சரி, அதற்காகப் பள்ளிக்கூடத்தைப் பூட்டியது சரியில்லை என்பது என் எண்ணம். 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி வந்துதான் அந்தக் குறை தீர்ந்தது.

சீனாவிலோ மிஷனரி ராபர்ட் மொரிசன் 1807இல் கன்டனில் இறங்கிய பின், முதல் ஞானஸ்நானம் கொடுக்கவே ஏழு வருடம் ஆயிற்று. எழுப்புதல் பற்றிக்கொண்டது சீனர்களே பிரசங்க மேடையில் ஏறிய பிறகு. அவர்களில் ஒருவரான ஜான் சுங் அமெரிக்காவில் ரசாயனத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். ஊர் திரும்பும் கப்பலில் பதக்கங்களைக் கடலில் வீசினார் என்று சொல்வார்கள். சீனாவிலும் தென்கிழக்காசியாவிலும் ஊர் ஊராகப் பிரசங்கித்து, 1944இல் 42 வயதில் இறந்தார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பீக்கிங்கில் வாங் மிங்தாவ் நடத்திய சபை எந்த வெளிநாட்டு மிஷனையும் சார்ந்ததல்ல. மூன்று சுயமும் அவரிடம் ஏற்கெனவே இருந்தன. இயக்கத்தில் சேர மறுத்ததால் 1955இல் அவரையே சிறையில் போட்டார்கள். ஆள்பவர்களுக்கு வேண்டியிருந்தது சுயம் அல்ல, அடக்கம். அப்படியும் சபை வளர்ந்தது. 2018இல் சீன அரசே சொன்ன கணக்கு, 3 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் புரொட்டஸ்தாந்துகள்.

கொழும்பிலும் அந்தச் சுயத்தை நடத்திக் காட்டியவர் ஒருவர் உண்டு. சிறு வயதில் கேரளத்திலிருந்து இங்கே வந்த ராமன்குட்டி, பின்னாளில் பாஸ்டர் பால், 1924இல் சிலோன் பெந்தெகொஸ்து மிஷனைத் தொடங்கினார். ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை. வெள்ளை உடுத்தி விசுவாச வீட்டில் சேர்ந்து வாழ்கிறார்கள். பின்னால் வெள்ளைக்கார மிஷன் எதுவும் கிடையாது. கொழும்பில் பிறந்த அந்தச் சபையின் தலைமையகம் இன்று தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரில் இருக்கிறது.