கொதிக்கும் குழாய்க்கு எந்தப் பூச்சு?

கார் என்ஜினில் புகை வெளியேறும் இரும்புக் குழாய், பாரத்துடன் மேடு ஏறும்போது 600 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறும். சாதாரண பெயிண்ட் அங்கே நிற்குமா? நிற்காது! கருகி உரிந்துவிடும். பிறகு துருப்பிடிக்கும்.

துத்தநாக முலாமும் உதவாது. அது 419 டிகிரியிலேயே உருகிவிடும். குரோமிய முலாம் நீலம் பாய்ந்து அழகு கெடும்.

அப்படியானால் எதுதான் தாங்கும்? அலுமினியத் தூள் கலந்த சிலிக்கோன் பெயிண்ட் தாங்கும். அதைவிட நீடித்து உழைப்பது, எனாமல் தட்டில் இருப்பது போன்ற கண்ணாடிப் பூச்சு. 1961-ல் வந்த ஜாகுவார் 'ஈ டைப்' காரில் இதைத்தான் பூசினார்கள். ஆனால் அடிபட்டால் சில்லு பெயரும்.

எந்தப் பூச்சானாலும் முதலில் துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் அடியோடு நீக்க வேண்டும். சிலிக்கோன் பெயிண்ட் சூட்டில்தான் இறுகும். ஆகவே மெல்லிசாகப் பூசி, படிப்படியாகச் சூடேற்ற வேண்டும். அவசரப்பட்டால் பூச்சும் போச்சு, காசும் போச்சு!