கட்டடக் கலைஞரின் கையெழுத்து



ஆமதாபாத்தில் மணிநகர்ப் பகுதியில் வாழும் என் நண்பர் ஒருவர், முப்பதாண்டு உழைப்பின் சேமிப்பைக் கொண்டு ஒரு சிறு மனை வாங்கினார். வீடு கட்டத் தொடங்குமுன் வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். எழுத்தெல்லாம் குஜராத்தியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. கீழ் மூலையில் மூன்று கையெழுத்துகள், மூன்று முத்திரைகள். "இம்மூவரும் எனக்கு எதற்குப் பொறுப்பு, எதற்குப் பொறுப்பில்லை? அதைச் சொல்லுங்கள், போதும்" என்றார்.

கேள்வி சிறியது, விடைக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆயிற்று. அன்று அவரிடம் கூறியவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன். சொந்த ஊரில் வீடு கட்டுகிறவருக்கு மாமன் மைத்துனர் உண்டு. கொத்தனாரின் தகப்பனாரையும் அவர் அறிவார். மணல் நல்லதா என்று பார்த்துச் சொல்லத் தெருவில் நான்கு பேர் இருப்பார்கள். வெளிமாநிலத்தில் குடியேறிய நமக்கு அந்தத் துணை இல்லை. தாளில் உள்ள கையெழுத்தைத்தான் நம்பவேண்டியிருக்கிறது. ஆதலின் அதன் பொருளை அறிந்துகொள்வது நமக்கு மற்றவரினும் மிகுதியாகத் தேவைப்படுகிறது.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். நம் ஊர் மேஸ்திரியும் வடநாட்டு மிஸ்திரியும் ஒரே போர்த்துகீசியச் சொல்லின் இரு குழந்தைகள்; அப்பெயரை யாரும் சூட்டிக்கொள்ளலாம். 'ஆர்க்கிடெக்ட்' என்ற பெயர் அப்படிப்பட்டதன்று. 1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர் சட்டம், கட்டடக் கலை மன்றம் என்ற அமைப்பை நிறுவி, அதன் பதிவேட்டில் இடம்பெற்றவரே அப்பட்டத்தைப் பயன்படுத்தலாம் என்று வரையறுத்தது. கப்பல்களை வடிவமைப்பவருக்கும் தோட்டங்களை வடிவமைப்பவருக்கும் மட்டும், அந்த அடைமொழியோடு சேர்த்து வழங்கும்போது விலக்கு உண்டு. இப்பதிவு இந்தியா முழுமைக்கும் உரியது. சென்னையில் பதிவு, பூனாவில் வேறு பதிவு என்பதில்லை.

இங்கே பலர் இடறி விழும் ஒரு நுட்பம் உண்டு. சட்டம் காப்பது பட்டத்தை; தொழிலையன்று. உச்ச நீதிமன்றம் 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அளித்த தீர்ப்பில் இதனைத் தெளிவாக்கியது. பதிவு பெறாதவர் தம்மைக் கட்டடக் கலைஞர் என்று கூறிக்கொள்ளக் கூடாது. ஆயினும் கட்டடத்தை வடிவமைப்பதையோ மேற்பார்வையிடுவதையோ இச்சட்டம் ஒன்றே அவருக்குத் தடைசெய்துவிடவில்லை என்பது அதன் சாரம். மருத்துவத் தொழிலுக்கு உள்ள வேலி இதற்கு இல்லை. நகராட்சிகள் தத்தம் விதிகளில் யார் வரைபடம் கொடுக்கலாம் என்று வரையறுத்திருப்பது வேறு செய்தி. எனவே பெயர்ப்பலகையில் 'டிசைனர்', 'பிளானர்', 'கன்சல்டண்ட்' என்றிருந்தால், அவர் திறமையற்றவர் என்று கொள்ள வேண்டியதில்லை. அவர்மீது மன்றத்தின் ஒழுக்க விதிகள் பாயமாட்டா என்பதை மட்டும் அறிந்துகொள்ளவேண்டும். பதிவு பெற்றவருக்கு 'சி.ஏ.' என்ற எழுத்துகளோடும் ஆண்டோடும் கூடிய எண் ஒன்று இருக்கும். அதைக் கேட்பது அவமரியாதையன்று.

இனி நண்பரின் வரைபடத்திலிருந்த மூன்று கையெழுத்துகளுக்கு வருவோம். ஒன்று கட்டடக் கலைஞருடையது. இரண்டாவது கட்டமைப்புப் பொறியாளருடையது. தூண், உத்திரம், தளம் ஆகியவை எவ்வளவு பாரம் தாங்கும், எத்தனை கம்பி எங்கே இடவேண்டும் என்று கணக்கிடுபவர் அவர். மூன்றாவது, வேலை நடக்கும் இடத்தில் மேற்பார்வை செய்வதாக ஒப்புக்கொண்டவருடையது. மூன்றும் ஒருவரை ஒருவர் சுட்டிக்காட்டித் தப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு ஆகிவிடலாம். எப்படி என்பதை ஆமதாபாத்து நகரமே கண்டது.

2001ஆம் ஆண்டு ஜனவரி 26. குடியரசு நாள் காலை 8 மணி 46 நிமிடம். கட்ச் பகுதியில் நிலம் நடுங்கியது. நடுக்கத்தின் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஆமதாபாத்தில் பல அடுக்குமாடிக் கட்டடங்கள் இடிந்து, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அதே தெருவில் பக்கத்துக் கட்டடம் நிற்க, ஒன்று மட்டும் விழுந்தது ஏன்? ஆராய்ந்தவர்கள் கண்ட காரணங்களில் முதன்மையானது தரைத்தளம். வண்டி நிறுத்துவதற்காகச் சுவரே இல்லாமல் தூண்களை மட்டும் நிறுத்தி, அவற்றின்மேல் செங்கற்சுவர் நிறைந்த நான்கைந்து மாடிகளை ஏற்றியிருந்தார்கள். நிலம் பக்கவாட்டில் அசையும்போது மேல்மாடிகள் ஒரே பெட்டிபோல இறுகி நிற்கின்றன. அசைவு முழுவதையும் கீழேயுள்ள தூண்களே தாங்கவேண்டியிருக்கிறது. போதிய வலுவின்றி அமைந்த தூண்கள் முறிந்தன. மேலும், இடம் மிகுதியாகக் கிடைக்குமென்று மேல்மாடிகளை வெளியே நீட்டி, அந்நீட்சியின் முனையில் தரையைத் தொடாத தூண்களை எழுப்பியிருந்தார்கள். அவையும் தீங்கு விளைத்தன. சபர்மதிக் கரையின் வண்டல் மண் நடுக்கத்தைப் பெருக்கியது.

நிலநடுக்கத்தைத் தாங்கும் வடிவமைப்புக்கான இந்தியத் தர நெறி 1962ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. கான்கிரீட்டில் கம்பி கட்டும் முறைக்குத் தனி நெறி 1993இல் வந்தது. அறிவு இருந்தது, தனியார் கட்டடங்களில் அதைக் கட்டாயப்படுத்தும் கை இல்லை. 1970இல் முதன்முதல் வெளிவந்து 2016இல் திருத்தப்பட்ட தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நிலையும் இதுவே. மாநிலமோ நகராட்சியோ தன் விதிகளில் ஏற்றுக்கொண்டால்தான் அது சட்டம், இல்லையேல் அறிவுரை.

இதில் கட்டடக் கலைஞரின் பொறுப்பு எது? 'தூண் கணக்குப் பொறியாளருடையது. நான் தோற்றத்தை மட்டுமே வரைந்தேன்' என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதை நான் ஒப்புவதில்லை. தரைத்தளத்தைச் சுவரின்றித் திறந்து விடுவோம் என்பதும், மேல்மாடியை ஐந்தடி வெளியே நீட்டுவோம் என்பதும் வடிவத்தைப் பற்றிய முடிவுகள். அவற்றைச் செய்பவர் கட்டடக் கலைஞரே. பொறியாளர் வருமுன்பே கட்டடத்தின் விதி பாதி எழுதப்பட்டுவிடுகிறது. கணக்குத் தம்முடையதன்று என்றாலும், கணக்கிட வல்லவரை உரிய காலத்தில் அழைத்து, அவர் கூடாது என்று சொன்னால் தம் கோட்டை அழித்து வரைவது அவர் கடமை.

மேற்பார்வையைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. கட்டடக் கலைஞருக்குக் கூலி கொடுத்துவிட்டோம். அவர் நாள்தோறும் நின்று சிமெண்டுக் கலவையைப் பார்த்துக்கொள்வார் என்று நாம் நினைக்கிறோம். வழக்கமான உடன்படிக்கையில் அப்படி இல்லை. அவர் ஒத்துக்கொண்ட இடைவெளிகளில் வந்து, வேலை வரைபடத்தின்படி நடக்கிறதா என்று பார்ப்பார், ஐயங்களைத் தீர்ப்பார். அன்றாடக் கண்காணிப்புக்கு வீட்டுக்காரர் தனியே ஓர் ஆளை அமர்த்தவேண்டும். இதை முதலிலேயே எழுத்தில் சொல்லாத கட்டடக் கலைஞர் தவறு செய்தவர் ஆகிறார். ஏனெனில் தம் பணியின் வரம்பையும் கட்டணத்தையும் வேலையை ஏற்குமுன் தெரிவிக்கவேண்டும் என்பது விதி.

அந்த விதிகள் 1989இல் வகுக்கப்பட்டவை. அவற்றில் ஒன்றை நான் எல்லாவற்றினும் மேலாக மதிக்கிறேன். ஒப்பந்தக்காரரிடமிருந்தோ சரக்கு விற்பவரிடமிருந்தோ தள்ளுபடி, அன்பளிப்பு, கமிஷன் எதனையும் பெறலாகாது என்பது அது. தரைக்குக் கல் வாங்கும் நாளில் இதன் அருமை புரியும். கட்டடக் கலைஞர் ஒரு கடையைச் சுட்டிக்காட்டுகிறார். நாம் அவர் சொல்லை நம்பி வாங்குகிறோம். கல்லின் தரத்தைக் கண்டு சொன்னாரா, கடைக்காரர் மாதக் கடைசியில் அனுப்பும் உறையைக் கண்டு சொன்னாரா என்று நாம் எங்ஙனம் அறிவோம்? நம்மிடம் மட்டுமே ஊதியம் பெறுவதால்தான் அவர் சொல் நமக்குப் பயன்படுகிறது. கட்டடச் செலவில் இத்தனை விழுக்காடு என்று கட்டணம் பேசும் வழக்கத்திலேயே ஒரு சபலம் ஒளிந்திருக்கிறது. செலவு ஏறினால் கூலியும் ஏறும். அதன்மேல் கமிஷனும் சேர்ந்தால் நம் பக்கம் நிற்க ஒருவரும் இல்லை.

வீட்டுக்காரருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் இடையே உடன்படிக்கையை நடத்திவைக்கும்போது நடுவுநிலை பிறழாதிருக்கவேண்டும் என்பதும் அவ்விதிகளில் உண்டு. இது நமக்குச் சிலபோது கசக்கும். நாம் கூலி கொடுக்கிறோம் என்பதற்காக, ஒழுங்காக முடித்த வேலையைக் குறை கூறி ஒப்பந்தக்காரரின் பணத்தைப் பிடித்தம் செய்யச் சொன்னால், அவர் மறுக்கவேண்டும். அதுபோலவே, மூன்று பேரிடம் இலவசமாகப் பிளான் போட்டு வாங்கி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நம் கெட்டிக்காரத்தனத்துக்கும் விதி இடம் கொடுப்பதில்லை. வேறொருவர் ஏற்ற வேலையை, அவருடைய நியமனம் முடிந்ததற்குச் சான்றும் அவருக்கு எழுத்து மூலம் அறிவிப்பும் இன்றி மற்றவர் ஏற்றல் கூடாது. விதி மீறியவரை மன்றம் விசாரித்துக் கண்டிக்கலாம். தொழில் செய்வதினின்று சில காலம் விலக்கி வைக்கலாம். பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம். ஆனால் நமக்கு நட்டஈடு வாங்கித் தருவது மன்றத்தின் வேலையன்று.

தனி வீடு கட்டாமல் அடுக்குமாடியில் ஒரு வீட்டை வாங்குவோரே நம்மில் பெரும்பாலோர். அவர்கள் கட்டடக் கலைஞரைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார்கள். ஆயினும் அவர் கையெழுத்து அவர்களுடைய பணப்பெட்டியின் பூட்டாக இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி, வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 விழுக்காட்டைத் தனி வங்கிக் கணக்கில் இடவேண்டும். வேலை எந்த அளவு முடிந்திருக்கிறதோ அந்த அளவுக்கே எடுக்கலாம். அளவைச் சான்றளிக்கவேண்டியவர்கள் மூவர்: பொறியாளர், கட்டடக் கலைஞர், பட்டயக் கணக்கர். ஆறு மாடி எழுந்திருக்க எட்டு என்று கட்டடக் கலைஞர் எழுதிக் கொடுத்தால், இரண்டு மாடிப் பணம் வேறெங்கோ போய்விடும். ஒப்புதல் பெற்ற வரைபடத்தை, வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுத்து மூலம் இசையாமல் பொதுவாக மாற்றவும் இச்சட்டம் இடந்தருவதில்லை. வீடு கைக்கு வந்த ஐந்தாண்டுக்குள் கட்டமைப்பில் குறை தோன்றிச் சுட்டிக்காட்டினால், கட்டியவர் 30 நாளில் தம் செலவில் சரிசெய்யவேண்டும்.

நொய்டாவில் குதுப் மினாரினும் உயரமாக எழுந்த இரட்டைக் கோபுரங்கள் 2022 ஆகஸ்டு 28 அன்று வெடிமருந்தால் தகர்க்கப்பட்டதைத் தில்லி நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கட்டடங்களுக்கிடையே விடவேண்டிய இடைவெளி விடப்படவில்லை. குடியிருப்போரின் இசைவும் பெறப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் அதற்கு முந்திய ஆண்டில் கண்டது. 2024 டிசம்பரில் வேறொரு வழக்கில், ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் கட்டுமிடத்திலேயே யாவரும் காண வைக்கவேண்டும் என்றும், பணி நிறைவுச் சான்றுக்குப் பின்னரே மின்சாரமும் நீரும் இணைக்கவேண்டும் என்றும் அந்நீதிமன்றம் ஆணையிட்டது. கட்டுமிடத்துக்குச் செல்லும்போது அவ்வரைபடத்தைத் தேடிப் பாருங்கள்.

பொதுமக்கள் புழங்கும் கட்டடங்களில் சக்கர நாற்காலியில் வருபவர் நுழைய வழி வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அவ்வழி இல்லாத வரைபடத்துக்கு அனுமதியும் இல்லை. நிறைவுச் சான்றும் இல்லை. வாயிலில் நான்கு படி வைத்து வரைவது அழகு பற்றிய விஷயம் என்ற காலம் போய்விட்டது.

கவனக்குறைவால் உயிர் போய்விட்டால்? 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் இது இரண்டாண்டாக இருந்தது. சிகிச்சையின்போது தவறிய பதிவு பெற்ற மருத்துவருக்கு இரண்டாண்டு என்ற வரம்பைப் புதிய சட்டம் வைத்திருக்கிறது. கட்டடக் கலைஞருக்கு அச்சலுகை இல்லை.

பணத்தால் நேர்ந்த இழப்புக்கு நுகர்வோர் ஆணையம் உண்டு. வீடு கட்டித் தருவதும் சேவையே என்று உச்ச நீதிமன்றம் 1993இலேயே கூறிவிட்டது. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒரு பெரிய உதவி செய்திருக்கிறது. புகார் கொடுப்பவர் தாம் வசிக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ உள்ள ஆணையத்திலேயே வழக்கிடலாம். தில்லியில் வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வுக் காலத்துக்கென்று தஞ்சையில் வீடு கட்டுபவர், அங்கே குறை நேர்ந்தால் வாய்தாவுக்கு வாய்தா ரயிலேற வேண்டியதில்லை. காரணம் எழுந்த இரண்டாண்டுக்குள் வழக்கிடவேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. காட்டுவதற்குத் தாள் வேண்டும். பணியின் வரம்பு, கட்டணம், எத்தனை முறை வருவார், பொறியாளர் யார் என்பனவற்றை எழுதிக் கையெழுத்திட்ட உடன்படிக்கை நமக்குப் புரியும் மொழியில் ஒன்று இருக்கட்டும். வாய்ப்பேச்சு குஜராத்தியில் நடந்தாலும் மராத்தியில் நடந்தாலும் ஆணையத்தில் அதற்குச் சாட்சி இல்லை.

இவ்வளவும் கேட்டபின் நண்பர் வரைபடத்தை மீண்டும் விளக்கொளியில் விரித்தார். முதற் கையெழுத்தின் கீழே பதிவெண் இருந்தது. இரண்டாவதன் கீழும் இருந்தது. மேற்பார்வை செய்வதாக ஒப்புக்கொண்ட மூன்றாமவர் கையெழுத்தின் கீழே முத்திரையின் மை மட்டும் பரவியிருந்தது. பெயரே படிக்க முடியவில்லை. "கடைக்கால் தோண்ட வியாழக்கிழமை நாள் பார்த்திருக்கிறோம். அதற்குள் இவர் யார் என்று கேட்டுவிடுகிறேன்" என்று கூறி வரைபடத்தைச் சுருட்டினார்.